நாற்பது நாள் வாசித்த சங்கீதம்

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. பேப்பர் டீச்சர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் கேம்ப் ரோடு பஸ் நிறுத்தத்திலோ காய்கறிக் கடையிலோ, ஒன்றாம் வகுப்பு வாசலில் பிள்ளையை விட வரும் அம்மாக்கள் மத்தியிலோ அது எப்படியும் என் காதுக்கு வந்து சேர்ந்துவிடும். புதிதாக வந்தவர்கள், நான் பேப்பர் திருத்துவதில் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

கதை சின்னதுதான். தாம்பரத்தில் எங்கள் சபை நடத்துகிற பள்ளியில் பத்தொன்பது வருடம் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தினேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால், அரையாண்டுத் தேர்வு சமயம், சீல் வைத்த கேள்வித்தாள் கட்டுகள் அலுவலக அறை பீரோவில் இருந்தன. தேர்வுப் பொறுப்பு இரண்டு பேருக்கு. ஒருத்தி நான், இன்னொருத்தி அறிவியல் நடத்திய டீச்சர். பீரோ சாவி ஒன்றுதான், அது என்னிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது. நாளைக்கு நான் வரமாட்டேன், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஸ்டாஃப் ரூமில் அப்போது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் கணக்குக் கேள்வித்தாள் குரோம்பேட்டையில் ஒரு ட்யூஷன் சென்டர் பிள்ளைகள் கையில் இருந்தது. பீரோ சாவி என் மேஜை டிராயரில் இருந்தது. தாளாளர் அறையில் விசாரணை வைத்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"டீச்சர் என்கிட்ட சாவி குடுக்கவே இல்லையே சார்."

அவ்வளவுதான். ஒரே வரி. அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். வயதில் என்னைவிட இரண்டு வருடம் மூத்தவள். 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். கை வரமாட்டேன் என்கிறது.

அவள்தான் கேள்வித்தாளை வெளியே விட்டாள் என்று நான் இன்றுவரை சொன்னதில்லை. சனிக்கிழமை பீரோவைத் திறந்துபோட்டுவிட்டு எங்கேயாவது போயிருக்கலாம். வேறு யாராவது எடுத்திருக்கலாம். பயத்தில் வாய்க்கு வந்தபடி சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்தது, சாவியைக் கொடுத்தேன் என்பது மட்டும்தான். அது அவளுக்கும் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் விஷயத்தை இதோடு விட்டுவிடலாம் என்றார்கள். செய்யாததற்கு எதை எழுதுவது? முடியாது என்றேன். சபைப் பிள்ளை என்று இரக்கப்பட்டு வேலையை விட்டு எடுக்கவில்லையாம். ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். யாப்பு நடத்தியவள், அணில் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்க ஆரம்பித்தேன்.

கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே என்று மற்றவர்கள் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். "சபைக்குள்ள நடந்ததை வெளியில கொண்டுபோய் நியாயம் கேக்கக் கூடாதுன்னு பவுல் சொல்லியிருக்காரு. கர்த்தர் பாத்துப்பாரு" என்றார். போதகரும் அதையேதான் சொன்னார். பெண்கள் ஐக்கியத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு பத்து பேர் சொன்னார்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பது எங்கள் ஆட்கள் வாயில் ஒரு விதமான முற்றுப்புள்ளி. அதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது, அடுத்து டீ வரும். நானும் மற்றவர்களுக்கு எத்தனையோ முறை அப்படிச் சொல்லி டீ குடித்திருக்கிறேன். நம் தலையில் விழும்போதுதான் தெரிகிறது, அவர் பார்த்துக்கொண்டிருப்பார், நாம்தான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பள்ளிக்குப் போக வேண்டும் என்று.

நம்பவில்லை என்று சொல்லமாட்டேன். நம்பினேன். அதுதான் களைப்பே. நம்பாதவர்கள் ஒரு வருடம் திட்டித் தீர்த்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். நம்பினவள் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அநியாயக்கார நியாயாதிபதியை விடாமல் நச்சரித்து நியாயம் வாங்கிய விதவையின் உவமையை நூறு முறையாவது வாசித்திருப்பேன். அந்த விதவைக்குக் கால் வலித்ததா, எத்தனை வருடம் நடந்தாள் என்று அதில் ஒன்றும் போடவில்லை.

நான் கேட்டது பெரிதில்லை. பதவி வேண்டாம், பத்தாம் வகுப்பு வேண்டாம். ஓய்வு பெறுவதற்குள் அந்த ஒரு வாய், "டீச்சர் என்கிட்ட சாவி குடுத்தாங்க" என்று சொல்ல வேண்டும். யாராவது நாலு பேர் கேட்க வேண்டும். ஒன்பது வருடமாக என் ஜெபம் இந்த ஒன்றுதான். வருகிற மே மாதம் நான் ஓய்வு பெறுகிறேன்.

அவளை வாரா வாரம் பார்க்க வேண்டியிருந்ததுதான் கொடுமை. ஒரே சபை. எனக்கு இரண்டு பெஞ்சுக்கு முன்னால், ஜன்னல் ஓரம் அவளும் அவள் வீட்டுக்காரரும் உட்காருவார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "ஸ்தோத்திரம் டீச்சர்" என்பாள். ஒன்பது வருடத்தில் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. நானும் "ஸ்தோத்திரம் டீச்சர்" என்பேன். திருவிருந்துக்கு ஒரே வரிசையில் முழங்கால் போட்டிருக்கிறோம், ஒரே பாத்திரத்தில் குடித்திருக்கிறோம். சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் முதலில் ஒப்புரவாகிவிட்டு வா என்பதுதான் சட்டம். எங்களுக்குள் மனத்தாங்கலே இல்லாதது போல் இரண்டு பேரும் நன்றாக நடித்தோம்.

போன வருடம் அவள் ஓய்வு பெற்றாள். மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். முப்பத்து நான்கு வருட உண்மையுள்ள ஊழியம் என்று வாசித்தளித்த மடலில் இருந்தது. நான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அவளுக்கு ரோஜாப்பூ கொடுக்க வைத்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற என் மகள் போனில் கேட்டுவிட்டு, "அம்மா, மூவ் ஆன் பண்ணுமா" என்றாள். எங்கே பண்ணுவது? கேம்ப் ரோட்டிலிருந்து தாம்பரம், தாம்பரத்திலிருந்து கேம்ப் ரோடு. என் போக்குவரத்தே அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் நூற்றொன்பது வந்தது.

எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சங்கீதங்களில் நூற்றொன்பதாவது, பொய் நாவால் அடிபட்ட ஒருவன் சத்துருவின் பேரில் கர்த்தரிடம் வைக்கிற முறையீடு. முறையீடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன், சாபம்தான். அவனுடைய நாட்கள் குறையட்டும், வேலையை வேறொருவன் பிடித்துக்கொள்ளட்டும், பிள்ளைகள் அலையட்டும் என்று போகும். ஆலயத்தில் அதைப் பெரும்பாலும் வாசிக்கமாட்டார்கள். ஆனால் வீட்டில் வாசிப்பார்கள். செய்வினை வைப்பது, எலுமிச்சம்பழம் அறுப்பது எல்லாம் எங்களுக்குப் பாவம். நூற்றொன்பது வேதத்திலேயே இருக்கிறதே!

சேலையூர் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வருகிற ஒரு அக்கா, ரிட்டயர்டு நர்ஸ், கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது என் காதோரம் சொன்னாள்.

"நூத்தி ஒம்பது வாசிங்க டீச்சர். நாப்பது நாள். விடியக்காலம் வாசிக்கணும். பேரைச் சொல்லி வாசிக்கணும்."

"அதெல்லாம் தப்பில்லையாக்கா?"

"தப்புன்னா ஆண்டவர் ஏன் பைபிள்ல வெச்சிருக்காரு? நாம கையால ஒண்ணும் செய்யலியே. அவருகிட்டதானே குடுக்கிறோம்."

 அந்தக் கேள்விக்குப் பதில் தேட நான் முயற்சி செய்யவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து, அதாவது தவக்காலம், தொடங்குகிற சாம்பல் புதனன்று ஆரம்பித்தால் நாற்பதாவது நாள் சரியாகக் குருத்தோலை ஞாயிறு வருகிறது என்று காலண்டரில் எண்ணிப் பார்த்துக்கொண்டேன். மற்றவர்கள் லெந்து நாட்களில் கறி மீனை விடுவார்கள், சினிமா பார்க்கமாட்டார்கள். நான் தினமும் ஐந்து மணிக்கு எழுந்து, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் பேரைச் சொல்லி நூற்றொன்பது வாசித்தேன். இந்தத் தடவை லெந்தை என்னைப்போல் ஒழுங்காக அனுசரித்தவர் எங்கள் சபையில் யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

முழுவதும் வாசிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைச் சபிக்கிற வசனங்கள் வரும்போது தாண்டிவிடுவேன். அவள் மகள் என்னிடம் தமிழ் படித்தவள், நல்ல கையெழுத்து. அந்தப் பகுதி சிலபஸில் இல்லை என்று வைத்துக்கொண்டேன். ஆனால் பொய் நாவைப் பற்றி வருகிற இடத்தை இரண்டு முறை வாசித்தேன். சில நாள் மூன்று முறை. அந்த வாயை அடைத்துப்போடும் ஆண்டவரே என்று சொந்தமாக ஒரு வரியும் சேர்த்துக்கொண்டேன்.

நாற்பதாவது நாள் வாசித்து முடித்துவிட்டு, குளித்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஆலயத்துக்குப் போனேன். கையில் குருத்தோலை. ஓசன்னா பாடிப் பவனி வந்து உட்கார்ந்தோம். ஜன்னல் ஓரம் காலியாக இருந்தது. அறிவிப்பு நேரத்தில் போதகர் சொன்னார்: நமது சபையின் மூத்த சகோதரி, நமது பள்ளியின் முன்னாள் ஆசிரியை, வெள்ளிக்கிழமை முதல் மருத்துவமனையில் இருக்கிறார்கள், பக்கவாதம், வலது கை கால் விழுந்துவிட்டது, பேச்சு நின்றுவிட்டது, ஜெபத்தில் தாங்குங்கள்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது. பார்த்தாயா, பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று உள்ளே ஒன்று துள்ளியது. காணிக்கைப் பாட்டு முடிவதற்குள் அது பயமாகிவிட்டது.  நான்தான் செய்தேனா? நாற்பது நாளும் நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டது இதைத்தானே?

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் மூன்றாவது விஷயம் உறைத்தது. அந்த வாயை அடைத்துப்போடும் என்று கேட்டேன், அடைத்துவிட்டார். உலகத்தில் எனக்கு இருந்த ஒரே சாட்சி அந்த வாய்தான். பொய்யை மட்டும் அடைத்து உண்மையைத் திறந்து வைக்க அது என்ன இரட்டைக் கதவா? என் வாயால் கேட்டு என் வழக்கை நானே மூடிவிட்டேன்.  அவர் என்மேல் கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, கேட்டதைக் கொடுத்துவிட்டாரே என்று இருந்தது.

ஈஸ்டர் முடிந்து அவளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸப் குழுவில் செயலாளர் ஒரு பட்டியல் போட்டார். யார் யார் எந்தக் கிழமை போய்ப் பார்த்து ஜெபித்துவிட்டு வர வேண்டும் என்று. செவ்வாய்க்கிழமைக்கு நேரே என் பெயர் இருந்தது. பழைய ஸ்டாஃப் என்பதால் போட்டிருக்கிறார்கள். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போனை வைத்தேன்.

அவள் வீடு அஸ்தினாபுரத்தில். பள்ளி விட்டு, தாம்பரத்தில் ரயில் ஏறி, குரோம்பேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பத்து பேரோடு நெருக்கிக்கொண்டு போனால் ஐந்து மணிக்குச் சேரலாம். அவள் வீட்டுக்காரர் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாத மனுஷன். கேட்டைத் திறந்து, "வாங்க டீச்சர். இவ காலைலேர்ந்து வாசலையே பாத்துகினு இருக்கா" என்றார். யார் வருகிறார்கள் என்று தெரிந்துதான் பார்த்தாளா என்று நான் கேட்கவில்லை.

ஹாலில் கட்டில் போட்டிருந்தார்கள். இடது பக்கம் சுவர். நாற்காலி வலது பக்கம்தான் போட முடியும். நான் உட்கார்ந்தேன். விழுந்துபோன கை தலையணைமேல் கிடந்தது. அந்தச் சங்கீதத்தில் வலது பக்கம் இரண்டு தரம் வருகிறது. முதலில் அங்கே சாத்தான் நிற்கிறான். கடைசி வசனத்தில் கர்த்தர் நிற்கிறார். நான் எந்த வசனத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று யோசித்துவிட்டு, யோசிக்காமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன்.

"எப்படி இருக்கீங்க டீச்சர்?" என்றேன்.

"ஆமா" என்றாள்.

"இப்ப இது ஒண்ணுதான் வருது" என்றார் அவர். "எல்லாத்துக்கும் ஆமாதான். காபி வேணுமான்னாலும் ஆமா, வேணாமான்னாலும் ஆமா. நாம சொல்றது புரியுது சில சமயம். சில சமயம் இல்ல. டாக்டர் படம் காட்டிப் பேச வைக்கச் சொல்லியிருக்காரு. எனக்கு அது வரமாட்டேங்குது."

படம் காட்டிப் பேச வைப்பதா? ஒன்பது வருடமாக நான் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்! அடுத்த வாரம் என் பையில் ஒன்றாம் வகுப்பு அட்டைகள் இருந்தன. என்னை அந்த வகுப்புக்கு அனுப்பியவளுக்கே அந்த அட்டைகளைக் காட்ட வைத்தவரை என்ன சொல்வது? அவருக்கு நகைச்சுவை உண்டு என்று மட்டும் சொல்லலாம்.

"இது என்ன டீச்சர்? அணில். சொல்லுங்க, அ...ணில்."

"ஆமா."

"இது ஆடு."

"ஆமா."

நான் எதற்காகப் போனேன் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சபையில் என்னைப் பற்றி நல்ல பேச்சு வந்தது. பழசையெல்லாம் மறந்துவிட்டு டீச்சர் எப்படி ஓடி ஓடிச் செய்கிறார்கள் பாருங்கள் என்றார்கள். நான் ஓடியது அதற்காக இல்லை. அந்த வாய் திறந்தால் முதல் ஆளாக நான் பக்கத்தில் இருக்க வேண்டும். அணில், ஆடு எல்லாம் தாண்டி சாவி என்ற சொல் ஒரு நாள் வரும். மே மாதத்துக்குள் வர வேண்டும். என் அட்டைக் கட்டுக்குள் சாவிப் படமும் ஒன்று இருந்தது. 'சா' வரிசைக்கு எல்லாப் பள்ளியிலும் அதுதான். எடுக்கும்போதெல்லாம் அதை அடியில் தள்ளிவிடுவேன். நேரம் வரட்டும் என்று.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் மாத்திரை வாங்க மெடிக்கல் ஷாப் வரை போனார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் இருந்த மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை. அடியிலிருந்து சாவி அட்டையை உருவி, அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"டீச்சர், இதைப் பாருங்க. சாவி. அன்னிக்கு வெள்ளிக்கிழமை நான் உங்ககிட்ட சாவி குடுத்தேன்ல?"

அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். காலண்டரைப் பார்க்கவில்லை.

"ஆமா" என்றாள்.

ஒன்பது வருடம்.  கேட்க நாலு பேர் வேண்டாம், எனக்கு இது போதும் என்று தோன்றியது. அப்படியே எழுந்து போயிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன். ஆனால் முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்தவள். பிள்ளை சரியான விடை சொன்னால் குருட்டாம்போக்கில் சொன்னதா என்று திருப்பிக் கேட்டுப் பார்க்கிற புத்தி என்னைவிட்டு எங்கே போகும்?

"நான் உங்ககிட்ட சாவி குடுக்கவே இல்ல. சரிதானா?"

"ஆமா."

"பேப்பரை நான்தான் எடுத்தேன்?"

"ஆமா" என்றாள், அதே முகத்தோடு. வாயின் ஒரு ஓரத்தில் எச்சில் வழிந்தது. துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன். அட்டையைக் கட்டின் அடியில் வைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள், பாதி வாயால். அவர் திரும்பி வரும்போது நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு ஒரே சந்தோஷம். குரோம்பேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது நான் நன்றாக அழுதேன். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை, வசதியாக இருந்தது.

அதோடு நின்றிருக்கலாம். பட்டியலில் வேறு பெயரைப் போடச் சொல்லியிருக்கலாம். அடுத்த செவ்வாய் கால் தானாகக் குரோம்பேட்டையில் இறங்கிவிட்டது. பழக்கம்தான், பாசம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அன்றைக்குக் காபி கொடுத்துக்கொண்டே அவர் சொன்னார். கேட்காமலே சொன்னார்.

"பி.பி. மாத்திரையைத் தொடவே இல்ல டீச்சர். லெந்து பூரா உபவாசம். காலைல ஒண்ணும் சாப்பிடமாட்டா. வெறும் வயித்துல மாத்திரை ஒத்துக்காதுன்னு அதையும் விட்டுட்டா. எனக்குத் தெரியாது. பீரோ துணிக்கு நடுவுல அட்டை அட்டையா வெச்சிருந்தா."

"எதுக்கு உபவாசமாம்?"

"கேட்டேன். ஒரு பாரம் இருக்கு, ஈஸ்டருக்குள்ள ஆண்டவர் சமூகத்துல தீர்க்கணும்னா. என்ன பாரம்னு சொல்லல. இவ சொல்லமாட்டா."

காபி ஆறிப்போகும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாரம் என் சாவியாக இருக்கலாம். மகளுக்கு இன்னும் குழந்தை இல்லாததாக இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, இனிமேல் தெரியவும் போவதில்லை. ஆனால் விடியக்காலம் ஐந்து மணிக்குக் கேம்ப் ரோட்டில் நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் வாயை அடைக்கச் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரம், அஸ்தினாபுரத்தில் அவள் வெறும் வயிற்றோடு முழங்காலில் இருந்திருக்கிறாள். இரண்டு ஜெபமும் ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் எதை முதலில் எடுத்தார், எதைத் தள்ளி வைத்தார், எதையும் எடுக்காமல் சும்மா இருந்தாரா? மாத்திரை போடாததால் வந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல், முழு ஆறுதல் இல்லை.

ஒன்பது வருடமாக நான் நியாயத்தீர்ப்பு நாளை மனசுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறேன். எப்போதும் ஒரே காட்சிதான். புஸ்தகம் திறக்கும், அவளுடைய பக்கம் வரும், அந்த ஒரு வரி வாசிக்கப்படும், சபை முழுக்க என் பக்கம் திரும்பிப் பார்க்கும். அத்தோடு புஸ்தகத்தை மூடிவிடுவேன். என் பக்கமும் அதில் இருக்கும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. நாற்பது நாள் விடியற்காலை, பேரோடு. அவர் நியாயமானவர் என்றால் அதையும் வாசிக்காமல் விடமாட்டார். அவரை நம்புகிறேன் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேனே, எதை நம்பினேன் என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் தெரிந்தது.

இனிச் சொல்வது நடந்தது போன வாரம். அன்றைக்குப் பள்ளியில் இரண்டு டீச்சர்கள் லீவு, மூன்று வகுப்பை ஒன்றாக உட்கார வைத்துக் கத்தியிருந்தேன். மழை வேறு. புடவை முழங்கால் வரை நனைந்து போய்ச் சேர்ந்தேன். அட்டையை எடுக்கக்கூடத் தெம்பு இல்லை. ஜெபித்துவிட்டுக் கிளம்பலாம் என்று கண்ணை மூடினேன். சொந்தமாகச் சொல்ல ஒரு வார்த்தையும் வரவில்லை. அவளுக்காக என்னத்தைக் கேட்பது, எனக்காக என்னத்தைக் கேட்பது? வேறு வழியில்லாமல் கர்த்தர் கற்பித்த ஜெபத்தை ஆரம்பித்தேன். சின்னப் பிள்ளைகூடத் தூக்கத்தில் சொல்லும். யோசிக்க வேண்டாம்.

முதல் வரி முடிவதற்குள் இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. அவர் வெளியே கொடியில் நனைந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் திறந்தேன். அவள்தான். தெளிவாக, தட்டாமல், பழைய வகுப்புக் குரலில் சொல்லிக்கொண்டு போனாள். அணில் வராத வாய். ஆடு வராத வாய். அறுபது வருடம் தினமும் சொன்ன ஜெபம் எங்கேயோ சேதமாகாமல் இருந்திருக்கிறது.  அவளோடு சேர்ந்து சொன்னேன். அன்றன்றுள்ள அப்பம் தாண்டி அடுத்த வரி வந்தது. மற்றவர்கள் நமக்குச் செய்ததை நாம் மன்னிக்கிறது போல நம்மை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிற வரி.

என் வாய் நின்றுவிட்டது. வேண்டுமென்று நிறுத்தவில்லை. வரவில்லை.

அவள் பாதி வரியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். விட்ட இடத்திலிருந்து தொடர வாயை அசைத்தாள், முடியவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. அந்த வரியை மட்டும் தனியாக எடுக்க அவளால் முடியாது போல. நல்ல கையை, இடது கையை, உடம்புக்குக் குறுக்கே கொண்டுவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பிதாவிலிருந்து, பரலோகத்திலிருந்து, ஒவ்வொன்றாக நடந்து அதே இடத்துக்கு வந்து நின்று, என்னையே பார்த்தாள்.

சொன்னேன். மனசார சொன்னாயா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சத்தம் வந்தது, சொன்னேன். அவளும் கூடவே சொன்னாள். ஆமென் வரைக்கும் போனோம். அவள் என் கையை விடவில்லை.

ஒரு ஒப்புக்கொள்ளுதலைக் கேட்கத்தான் ஒன்பது வருடம் காத்திருந்தேன். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"டீச்சர், லெந்துல நாப்பது நாள் உங்க பேரைச் சொல்லி நூத்தி ஒம்பது வாசிச்சேன்."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வெளியே அவர் துணி உதறுகிற சத்தம் கேட்டது.  பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"ஆமா" என்றாள்.

அது எந்த ஆமா என்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.